ராஜா ஊர் ஜுருபாசா

என் வாப்பா அப்துல் ஹலீம் காரைக்காலில் பிறந்தவர். அந்த நாளில் காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர். சுற்றியிருந்த நிலமெல்லாம் இங்கிலீஷ்காரனுடையது. நாகூரில் இருந்த மாமி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வாஞ்சூர் சுங்கச்சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போக முடியும்.

"நாகூர் தர்கா கந்தூரிக்குப் போகிறபோது ஒரு ராஜ்ஜியத்தை விட்டு இன்னொரு ராஜ்ஜியத்துக்குள் போவோம். சாவடிக்கு அந்தப் பக்கமும் அதே பனைமரம்தான், அதே புழுதிதான். ஆனால் சிப்பாயின் தொப்பி மாறிவிடும்" என்று வாப்பா சொல்வார்.

மலாயாவில், ஜோகூர் பாருவில் துணிக்கடை வைத்திருந்த அவருடைய மாமு, 1910இல் அவரை வரவழைத்தார். வாப்பாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. இப்போது இருக்கிற பாலம் அன்று கிடையாது. சிங்கப்பூரின் வடகோடி வரைக்கும் ரயில், அதற்கப்புறம் படகு. அரை மைல் தண்ணீர்தான். அக்கரையில் இறங்கியதும் கொடி வேறாக இருந்தது. தபால்தலையில் இங்கிலாந்து ராஜா முகம் இல்லை, சுல்தானின் முகம் இருந்தது. ஆபீசுகளுக்கு விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளி. படகுத்துறையில் காவல் நின்றவர்கள்கூட சுல்தானுடைய சொந்தப் பட்டாளத்துக்காரர்கள். வாப்பா தன் உம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்த ஒரு வரியை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்: "இது வெள்ளைக்காரன் ஊர் இல்லை உம்மா, ராஜா ஊர்."

கடையில் அவர் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. துணி கிழிக்கிற கை அவருக்கு வரவில்லை. படிப்பு வந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதுவார்கள், அரபுத்தமிழ் என்று பெயர். அதைச் சின்ன வயதிலேயே படித்திருந்தவருக்கு, மலாய்க்காரர்கள் அரபு எழுத்தில் எழுதுகிற ஜாவி ஆறு மாதத்தில் வசப்பட்டுவிட்டது. காரைக்கால் பள்ளியில் கற்ற பிரெஞ்சு துருப்பிடித்துக் கிடந்தது. இங்கிலீஷை மாமுவின் கணக்கரிடம் கற்றுக்கொண்டார். ஜோகூர் பாரு கோர்ட்டில் தமிழுக்கு ஒரு ஜுருபாசா தேவைப்பட்டது. ஜுருபாசா என்றால் மலாயில் மொழிபெயர்ப்பாளர். இருபத்திரண்டாம் வயதில் வாப்பா சொங்கோக் தொப்பியும் வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டு அந்த வேலையில் சேர்ந்தார்.

அந்தக் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர் துவான் யூசோப். துவான் என்பது மலாயில் ஐயா மாதிரி ஒரு மரியாதைச் சொல். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். விசாரணை முழுக்க மலாயில் நடக்கும், பதிவு ஜாவியில் எழுதப்படும். தோட்டத்திலிருந்து சாட்சி சொல்ல வந்தவர்களைப் பார்த்து அவர் முதலில் கேட்பது பெயர் இல்லை. "சாப்பிட்டாயிற்றா என்று கேள், ஹலீம்" என்பார். இல்லையென்றால் பத்து நிமிஷம் ஒத்திவைப்பார். பசித்த வயிறு எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடும் என்பது அவர் கண்ட அனுபவம்.

வாப்பாவின் வாழ்க்கையில் பெரிய காரியம் என்று ஒன்று நடந்ததென்றால், அது 1914இல் நடந்த செல்லப்பன் வழக்குதான். அதை வாப்பா சொல்லியும் கேட்டிருக்கிறேன், செல்லப்பனின் மனைவி பேச்சியம்மாள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

செல்லப்பன் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். ஒரு நாள் அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு மலேரியாக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. பால் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரரிடம் ஓடினார். கேட்காமல் வேலையை விட்டுப் போனதற்காகச் சின்ன துரை ஹார்க்னஸ் பிரம்பால் அடித்தார். தடுத்த கையின் எலும்பு முறிந்தது. தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். காய்ச்சல் விட்ட நாலாம் நாள் பேச்சியம்மாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு ரெங்கம் ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஜோகூர் பாருவில் இறங்கி, "ராஜா வீடு எது?" என்று கேட்டாளாம். யாரோ ஒரு புண்ணியவான் போலீஸ் ஸ்டேஷனைக் காட்டினார். அங்கே வாக்குமூலத்தை மலாயில் மாற்றிச் சொல்ல வந்தவர் என் வாப்பா.

"பயப்படாதே தங்கச்சி. இது ராஜா ஊர். ராஜாவுடைய கோர்ட்டிலே உன் புருஷனுக்கு நியாயம் கிடைக்கும்" என்று வாப்பா அவளிடம் சொன்னார். அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க ஜுருபாசாவுக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் மே மாதத்தில்தான் சுல்தானுக்கும் இங்கிலீஷ்காரருக்கும் புதிய ஒப்பந்தம் ஆகியிருந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பிருந்தே ஆலோசகர் என்று ஒரு துரை இருந்தார். இப்போது அந்தப் பதவிக்கு ஜெனரல் அட்வைசர், தலைமை ஆலோசகர் என்று பெயர். மலாய்க்காரருடைய மதம், வழக்கம் தவிர மற்ற எல்லாக் காரியத்திலும் அவருடைய ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கொடி மாறவில்லை, தபால்தலை மாறவில்லை. அதனால் வாப்பாவும் எதுவும் மாறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நாளன்று ஹார்க்னஸ் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வக்கீலோடு உள்ளே நுழைந்தார். கூண்டில் ஏறவில்லை. வக்கீலின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அவரை எழுந்து நிற்கச் சொல்" என்றார் துவான் யூசோப்.

வாப்பா இங்கிலீஷில் சொன்னார். ஹார்க்னஸ் எழுந்திருக்கவில்லை. நீதிபதியை விட்டுவிட்டு வாப்பாவைப் பார்த்துப் பேசினார்: "நான் பிரிட்டிஷ் பிரஜை. இந்த மனிதர் என்னை விசாரிக்க முடியாது. நீயும் பிரிட்டிஷ் பிரஜைதானே? இதை அவருக்கு எடுத்துச் சொல்லு."

வாப்பா அதை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார். பிறகு இங்கிலீஷில், "ஒரு திருத்தம், துவான். நான் பிரிட்டிஷ் பிரஜை இல்லை. என் ஊர் காரைக்கால். நான் பிரெஞ்சுப் பிரஜை" என்றார். அதையும் மலாயில் சொன்னார். கோர்ட்டில் இருந்த மலாய் போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வக்கீலும் கர்சீப்பை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாராம்.

துவான் யூசோப் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "இங்கே நிற்கிறவர்களை எந்த ஊர்க்காரர் என்று நான் கேட்பதில்லை. கை உடைந்தது எந்த ஊரில் என்றுதான் கேட்கிறேன். உடைந்தது ஜோகூர் மண்ணில். அதை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு உரிமை உண்டு. பதிவில் எழுதுங்கள்."

எழுத்தர் ஜாவியில் எழுதினார். வழக்கு பத்து நாள் ஒத்திவைக்கப்பட்டது.

பத்தாவது நாள் கோர்ட் கூடவில்லை. காலையில் துவான் யூசோப் வாப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் தலைமை ஆலோசகர் ஆபீசிலிருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது, இங்கிலீஷில் ஒரு தாள், மலாயில் ஒரு தாள்.

"எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். இரண்டும் ஒன்றுதானா பார்த்துச் சொல்லு."

வாப்பா இரண்டையும் படித்தார். ஐரோப்பியர் சம்பந்தப்பட்ட இந்த வழக்கை, புதிதாக வந்திருக்கிற ஐரோப்பிய நீதிபதி விசாரிப்பது நல்லது என்று ஆலோசனை கூறப்பட்டிருந்தது. மலாய்த் தாளில் அந்த இடத்தில் 'நசீஹத்' என்ற சொல் இருந்தது. அரபியிலிருந்து வந்த சொல். மலாய்க்காரர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்மாவில் இமாம் சொல்வது நசீஹத். தகப்பன் மகனுக்குச் சொல்வது நசீஹத்.

"ஒன்றுதான், துவான்" என்றார் வாப்பா.

"சொல் ஒன்றுதான்" என்றார் துவான் யூசோப். கடிதத்தை மடித்து உறையில் போட்டார். "வெளியே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு நீதான் சொல்ல வேண்டும், ஹலீம். உள்ளதைச் சொல்லு. பூசி மெழுக வேண்டாம்."

பேச்சியம்மாள் வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். செல்லப்பன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். வாப்பா அவர்கள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"கேசை இவர் விசாரிக்கப் போறதில்லே தங்கச்சி. வேறொரு துரை விசாரிப்பாரு."

"வெள்ளக்காரத் துரையா?"

"ஆமா."

"ராஜா ஊருன்னு சொன்னீங்களே ஐயா?"

"ராஜா ஊர்தான். ராஜா இருக்காரு. ஆனா ராஜாவுக்கு ஆலோசனை சொல்ல ஒருத்தர் இருக்காரு. அவங்க பக்கத்துலேர்ந்து ஆலோசனை வந்திருக்கு."

"ஆலோசனைன்னா வேணாம்னு சொல்லலாமே ஐயா? எங்க மாமியாரு எனக்கு ஆயிரம் ஆலோசனை சொல்லும். நான் என்ன எல்லாத்தையுமா கேக்குறேன்?"

செல்லப்பன்கூடச் சிரித்துவிட்டார். "மூணு பாஷைக்கு வார்த்தை தேடித் தேடிக் கொடுத்தவன் நான். அந்தப் பொம்பளைக்குக் கொடுக்க என்கிட்ட ஒரு வார்த்தை இல்லாமல் போச்சு" என்று வாப்பா பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

புதிய நீதிபதி முன்னால் விசாரணை வந்தது. அவருக்கும் மலாய் நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் பழைய பதிவைப் படிக்க வேண்டியது ஜுருபாசாவின் வேலை. படிக்கும் முன்னே ஹார்க்னஸின் வக்கீல் எழுந்து, முந்தின விசாரணையின் கடைசிப் பகுதி இந்த வழக்குக்குத் தேவையில்லாதது, விட்டுவிடலாம் என்றார். தலைமை எழுத்தரும் வாப்பாவைப் பார்த்து, விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினார்.

வாப்பா தாளைக் கையில் பிடித்தபடி நின்றார். சேர்ந்து மூன்று வருஷம்கூட முழுசாக ஆகாத வேலை. அவர் நீதிபதியைப் பார்த்து, "அது பதிவில் இருக்கிறது, துவான்" என்றார்.

"பதிவில் இருந்தால் படி" என்றார் நீதிபதி.

வாப்பா படித்தார். கை உடைந்தது ஜோகூர் மண்ணில், விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு உரிமை உண்டு என்ற வரி வரைக்கும், முதலில் மலாயில், பிறகு தமிழில். தமிழில் படிக்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்பார். கடைசி வரிசையில், பார்க்க வந்த ஜனங்களோடு ஜனமாகத் துவான் யூசோப் உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. ஹார்க்னஸ் குற்றவாளி. அபராதம், செல்லப்பனுக்கு நஷ்டஈடு. அந்த நீதிபதி ஹார்க்னஸை எழுந்து நிற்கவைத்துக் கண்டித்த கண்டிப்பில் வக்கீலுக்கே முகம் சிவந்துபோயிற்று. சில மாதங்களில் தோட்டத்து முதலாளிகள் ஹார்க்னஸை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

லயத்து ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரனை வெள்ளைக்காரனே தண்டித்துவிட்டான் என்று ரெங்கம் வரைக்கும் அதே பேச்சு. பேச்சியம்மாள் ஒரு சேவலைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து வாப்பாவிடம் கொடுத்தாள். வாப்பா வாங்கிக்கொண்டார். ஆனால் மகிழ முடியவில்லை. அந்தச் சேவலை எடுத்துக்கொண்டு நேரே துவான் யூசோப் வீட்டுக்குப் போனார்.

"தீர்ப்பு நியாயமானது" என்றார் துவான் யூசோப். "நானும் இதையேதான் கொடுத்திருப்பேன். அபராதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கூடப் போட்டிருப்பேன்."

"அப்படியானால் வருத்தமில்லையா, துவான்?"

"அந்தக் கூலிக்கு நல்லது நடந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை." வாசலில் சேவல் படபடத்துக்கொண்டிருந்தது. "என் வீட்டுச் சோற்றை அடுத்த வீட்டுக்காரர் வந்து என் அகப்பையை வாங்கிப் பரிமாறினார். ருசியாகத்தான் இருந்தது. அதற்காக அது என் வீட்டு அகப்பை இல்லை என்று ஆகிவிடுமா?"

அடுத்த வருஷம் அவரே கேட்டு நில இலாகாவுக்கு மாறிப் போனார். வாப்பா கோர்ட்டிலேயே இருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து வாப்பாவுக்குக் கல்யாணம். என் உம்மா ஜெய்னம்பு ஜோகூரிலேயே மூவார் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழில் பாதி மலாய் இருக்கும். 1918இல் நான் பிறந்தேன். சம்சாத் பேகம் என்று பெயர் வைத்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஜோகூர் பாரு அதற்கு அப்புறம் வந்தது. கடலோரச் சாலையில் மழைமரங்கள், சாயங்காலத்தில் சுல்தானுடைய பட்டாளத்து பேண்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பா கையில் பிடித்துக்கொண்டு வரும் வாழையிலைப் பொட்டலம். அதற்குள் என்ன இருக்கும் என்று வாசலிலிருந்தே மோந்து பார்ப்பேன். பெரும்பாலும் ஒட்டரிசியும் தேங்காய்ப்பூவும்தான். இன்றைக்கும் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை வந்தால் எனக்கு ஆறு வயதாகிவிடுகிறது. நோன்புப் பெருநாளன்று முதலில் போவது துவான் யூசோப் வீடு. அவர் மனைவி என்னை மடியில் உட்காரவைத்து பலகாரம் ஊட்டுவார். வாப்பாவும் அவரும் முன்கட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வழக்கைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. மாம்பழத்தைப் பற்றியும் பல்வலியைப் பற்றியும்தான் பேசுவார்கள்.

பாலம் திறந்த புதிதில் வாப்பா எங்களை ரயிலில் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனார். தண்ணீருக்கு நடுவே வண்டி போனபோது உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதினார். வாப்பா ஜன்னலில் தலையை நீட்டி, "இப்ப ராஜா ஊர் முடிஞ்சுது... இல்லே, இன்னும் கொஞ்சம் இருக்கு... இப்ப முடிஞ்சுது!" என்று கையைத் தட்டினார். பாதியில் எங்கே முடிகிறது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு! கருப்பு சொங்கோக்கின் கீழே ரயில் கரி படிந்த அந்த முகத்தோடுதான் அவர் எனக்கு நினைவில் நிற்கிறார்.

செல்லப்பன் குடும்பத்தோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. வருஷத்தில் ஒரு தடவையாவது வாழைத்தாரோடு வருவார்கள். செல்லப்பனின் கை வளைந்தபடியே கூடியிருந்தது, ஆனாலும் பால் வெட்டினார். பேச்சியம்மாளை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகள் பிறந்தாள், புஷ்பவள்ளி. என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

1931இல் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் குறைத்தார்கள். வேலையில்லாதவர்களைப் பட்டியல் போட்டுக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டியலுக்குத் தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று வாப்பாவை ரெங்கம் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தார்கள். வரிசையில் செல்லப்பன் குடும்பமும் நின்றது.

தோட்டத்துக் கணக்கரான ஒரு கிராணி மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். "சொந்த ஊர்?"

"ரெங்கம்" என்றாள் பேச்சியம்மாள்.

"அது இல்லம்மா. இந்தியாவிலே எந்த ஊர்?"

"அங்கே எங்களுக்கு யாரும் இல்லீங்க. மாமியாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. இந்தப் புள்ள இங்கே பொறந்தது. அதுக்கு எந்த ஊருன்னு எழுதுவீங்க?"

கிராணி வாப்பாவை நிமிர்ந்து பார்த்தார். வாப்பா பேனாவைக் கீழே வைத்தார். "இவங்க பேரை நாளைக்கு எழுதிக்கலாம். ஒரு நாள் கொடுங்க" என்றார்.

அடுத்த ரயிலில் செனாய்க்குப் போனார். ஓய்வு பெற்ற துவான் யூசோப் அங்கே கொஞ்சம் பழத்தோட்டம் வைத்துக்கொண்டு இருந்தார். டுரியான், ரம்புத்தான், ஓரமாகக் கொஞ்சம் ரப்பர். வாப்பா விஷயத்தைச் சொன்னார். பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கை உடைந்தவனா? இப்போது கை எப்படி இருக்கிறது?"

"வளைந்திருக்கிறது. வேலை செய்வார்."

"டுரியான் தானாக விழும், ஏறிப் பறிக்க வேண்டாம். வளைந்த கை போதும்" என்றார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, பின்கட்டுக் குடிசையில் என்னென்ன சாமான் கிடக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

பட்டியலில் ஏறாமல் மூன்று பெயர்கள் நின்றுபோயின. அன்று ரெங்கத்திலிருந்து போன வண்டியில் பேச்சியம்மாளுக்குத் தெரிந்தவர்கள் நாற்பது பேராவது இருந்தார்கள். வண்டி மறைகிற வரைக்கும் அவள் கையை ஆட்டிக்கொண்டே நின்றாளாம். அழவில்லை. செனாய்க்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு வந்த டுரியான் பருவங்களில் நாங்களும் செனாய்க்குப் போய்விடுவோம். புஷ்பவள்ளியும் நானும் பழம் விழுகிற சத்தத்துக்குக் காத்திருப்போம். 'தொப்' என்றதும் ஓட்டம். பேச்சியம்மாள் மாமி, "தலையிலே விழுந்தா மண்டை ரெண்டாப் போயிடும்டி!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வருவார். துவான் யூசோப் சிங்கப்பூரிலிருந்து வரும் ஜாவிப் பத்திரிகையை வைத்திருப்பார், வாப்பா தமிழ்ப் பத்திரிகையை வைத்திருப்பார். ஆப்பிரிக்காவில் அபிசீனியாமேல் இத்தாலி படையெடுத்த வருஷம் இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசினார்கள். அதுவும் ஒரு ராஜா ஆளுகிற தனி நாடு, உலகத்து நாடுகளெல்லாம் கூடிப்பேசும் சங்கத்தில் சம ஆசனம் பெற்ற நாடு.

"சங்கத்துக்காரர்கள் விடமாட்டார்கள்" என்பார் வாப்பா.

"விடுவார்கள்" என்பார் துவான் யூசோப். "சபையில் எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி போடுவார்கள், ஹலீம். குரல் ஒரே உயரம் இல்லை."

அடுத்த வருஷம் அவர் சொன்னபடிதான் ஆயிற்று. வாப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

துவான் யூசோப் 1937இல் மவுத்தானார். ஜனாஸாவைத் தூக்கியவர்களில் வாப்பாவும் ஒருவர். செல்லப்பனால் வளைந்த கையோடு தூக்க முடியவில்லை, அடக்கம் செய்கிற கபுருஸ்தான் வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தார். பெரியவரின் மகன்கள் செல்லப்பன் குடும்பத்தைப் போகச் சொல்லவில்லை. அந்த மண்ணிலேயே அவர்கள் இருந்தார்கள். புஷ்பவள்ளியின் கல்யாணமும் அந்தத் தோட்டத்தில், ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே போட்ட பந்தலில்தான் நடந்தது. வாப்பா மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மலாய் விருந்தாளிகளுக்குத் தாலி கட்டுவதையும் தமிழ் விருந்தாளிகளுக்கு மலாய்க்காரர்கள் கொண்டுவந்த சீர்வரிசையையும் விளக்கிக்கொண்டே இருந்தார். சாப்பாடு ஆறிப்போய்விட்டது. உம்மா மூன்று தடவை கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.